நாலெழுத்துக்கு நாலு மணி நேரம்

"நாலெழுத்துக்கு நாலு மணி நேரமா? பஸ் ஏறி வந்து என் காதுல சொல்லிட்டு, ஒக்காந்து சாப்பிட்டுத் திரும்பிப் போனாக்கூட ஒரு மணி நேரம் மிச்சமாகும் மாமா."

"ஆவட்டும் மாப்ள. லிஃப்ட்ட நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு. எட்டு மாடி ஜனமும் இன்னிக்கு என்னைத்தான் கரிச்சுக் கொட்டும்."

"பத்து மணிக்கு ஆரம்பிக்கிறேன். எழுத்து என்னன்னு சொல்ல மாட்டேன். முடிஞ்சப்புறம் கேக்கவும் மாட்டேன். நீயாத்தான் சொல்லணும். அதான் முறை."

"முறையாம் முறை" என்று முணுமுணுத்தபடி லிஃப்ட் மெக்கானிக் போனை வைத்தான். அவனும் அமெச்சூர் ரேடியோக்காரன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் இருநூறு பேரிடம் பேசிவிடுவான். பேசியதற்குச் சாட்சியாக எங்கெங்கிருந்தோ வந்த அட்டைகள் அவன் அறைச் சுவரை மறைத்திருந்தன. அக்கா புருஷனான இந்த மாமாவோ மூன்று வருடமாக ஒரே ஒரு அட்டைகூட இல்லாமல் அலைவரிசையின் அடிமட்டத்தில் குடியிருந்தார். அங்கே அலை ஒன்றின் நீளமே முப்பத்தாறு கிலோமீட்டர். நானூறு வாட் ஊட்டினாலும் காற்றில் ஏறுவது ஒரு மின்மினிக்குக்கூடக் காணாது. மீதியெல்லாம் சுருளைச் சூடாக்கத்தான். அவ்வளவு மெல்லியது இரைச்சலுக்குள் தெரிய வேண்டுமானால் மணிக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுருள் மூன்று பிளாஸ்டிக் பீப்பாய்களில், கையால் சுற்றிய செம்புக்கம்பியாகப் பின்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. பகலெல்லாம் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற மனிதர் வீட்டுக்கு வந்தும் சுற்றினால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கா, வியாதியா? மலையைக் கெல்லி எலி பிடிக்கிறவனைக்கூட மன்னிக்கலாம். எலியாவது கண்ணுக்குத் தெரியும்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். வீடுவீடாகப் போய் அடுத்தவர் முழங்காலை நீட்டி மடக்கி அவள் முதுகு போயே போய்விட்டது. பின்னறையில் ஒரு கட்டில் போட முடிந்தால் நோயாளிகள் அவளைத் தேடி வருவார்கள். மூன்று வருடம் பொறுத்தவள் போன வாரம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமைதான் கடைசி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தம்பிக்குக் கேட்டால் பீப்பாய்கள் இருக்கட்டும். கேட்காவிட்டால் அன்றைக்கே பழைய சாமான்காரர் வருவார். மாமா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "கவலைப்படாதக்கா, ஒரு மண்ணும் வராது" என்று இவன் அவளிடம் தனியாக வாக்கே கொடுத்திருந்தான். இன்று அந்தச் சனிக்கிழமை.

அவன் பராமரிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அலையைப் பிடிக்க மரச்சட்டத்தில் சுற்றிய கம்பி, அதன் கீழே அதைப் பதிகிற லேப்டாப். பக்கத்திலேயே லிஃப்ட்டின் மோட்டார் அறை. லிஃப்ட் ஒரு தடவை அசைந்தால் போதும், திரை முழுக்கப் புழுதிப்புயல் மாதிரி இரைச்சல். அதனால்தான் கீழே 'வேலை நடக்கிறது' பலகை.

பதினொரு மணிக்கு ஏழாவது மாடி டீச்சர் விடைத்தாள் கட்டோடு மூச்சிரைக்க நின்றார். "என்னப்பா பழுது?"

"சென்சார்ல கோளாறு மேடம்."

"நீ வந்தாலே இது படுத்துக்குது. நீ வராம இருந்தா நல்லா ஓடும்போல."

பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கேன் வந்தது. போடுகிறவர் மூன்று கேன்களையும் படிக்கட்டடியில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார். ஆறாவது மாடிக் கைக்குழந்தைக்காரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். சாவியைத் திருப்பி ஒரே ஒரு தடவை லிஃப்ட்டை விட்டால் தீர்ந்தது. அவன் விடவில்லை. தோள் கழன்று விழ, மூன்று தடவை ஏறி இறங்கி மூன்று கேனையும் அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தான். அன்பா? அதெல்லாம் ஒன்றுமில்லை. நாளைக்கு மாமா "உன் லிஃப்ட்தான் கெடுத்துச்சு" என்று ஒரு சாக்குச் சொல்லிவிடக் கூடாது. தோற்றால் அவர் சுத்தமாகத் தோற்க வேண்டும்.

இரண்டு மணிக்குப் பதிவை நிறுத்திவிட்டு, இரைச்சலுக்குள் எழுத்தைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டான். பத்து நிமிடம் அது கோடிக்கணக்கான எழுத்துக் கோவைகளை அரைத்தது. பிறகு திரையில் நாலு எழுத்து விழுந்தது: கே, ஏழு, எக்ஸ், டி.

"போடா" என்றான் திரையைப் பார்த்து. தற்செயலாக விழுந்ததா என்று பார்க்க, ஆரம்ப நேரத்தை ஒரு நிமிடம் தள்ளிவைத்து ஓட்டினான். குப்பை. திரும்பச் சரியான நேரத்தில் வைத்தான். கே, ஏழு, எக்ஸ், டி. யாரும் ஊகிக்கக் கூடாதென்று மாமா பொறுக்கியெடுத்த, எந்தப் பாஷையிலும் சேராத நாலு எழுத்து. மின்மினிக்கும் கீழான ஏதோ ஒன்று நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறது; வந்து சொன்னது இந்தக் கழிசடையை. அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அவனுடைய இருநூறு பேரில் ஒருவருடைய குரல்கூட அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை என்பது அந்த ஆத்திரத்தை இன்னும் கிளறியது.

போன் அடித்தது. அக்கா.

"டேய், பழைய சாமான்காரரு வந்து நிக்கிறாரு. ஒண்ணும் வரலல்ல?"

அவன் திரையை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான்.

"என்னடா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வந்துருக்குக்கா."

"என்ன வந்துருக்கு?"

"நாலெழுத்து."

"அதுக்கு என்னடா அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப வரலன்னே சொல்லிடு. அர்த்தமில்லாதது வந்தா என்ன, வராட்டா என்ன? என் முதுகு நெசம்டா. இரு, அவர் கை நீட்டுறாரு. ஸ்பீக்கர்ல போட்டுக் குடுக்கிறேன். எனக்குக் குடுத்த வாக்க ஞாபகம் வச்சுக்கோ."

போன் கை மாறியது. மாமா 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. கேட்கக் கூடாதென்றால் கேட்கக் கூடாதுதான் அவருக்கு. மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ பீப்பாய் ஒன்றைச் சிமெண்ட் தரையில் சாய்த்து உருட்டிப் பார்க்கிற சத்தம்.

"கே" என்றான் அவன்.

உருளும் சத்தம் நின்றது. மூச்சும் நின்றது. "டேய்…" என்று அக்கா ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒரு எழுத்து குருட்டாம்போக்கில்கூட விழும். இதோடு வாயை மூடிக்கொண்டால் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. ஏழு என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, மூன்று பேர் அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், மீதி மூன்றையும் அவன் சொல்லிவிடட்டுமா?