நான் அடித்த கோடு

என் வீட்டுக்காரரின் இடது முழங்காலுக்கு விலை வருஷத்துக்கு இரண்டு தலையணை உறை, அதுவும் தள்ளுபடியில்... இதைத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் காப்பீட்டு அதிகாரி அரை மணி நேரமாக விளக்குகிறார், விளக்கட்டும், துணிக்கடைக்காரியிடமே அளவுகோலை நீட்டுகிறார், நான் எழுந்திருக்கப் போவதில்லை, அடுத்த வாரம் என் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை. காரை ஓட்டியது நான்தான், ஈர வளைவில் வழுக்கி மருந்துக்கடைச் சுவரில் இடித்தேன், இடித்தது இவர் பக்கம். சுவருக்குப் பணம் உண்டாம், அது மூன்றாம் நபர் கணக்கு. சுவர் நபரா? கதவுக்கு உண்டு, தேய்மானம் போக. ஓட்டிய உரிமையாளரான எனக்கும் உண்டு, எனக்குத்தான் ஒரு கீறல்கூட இல்லையே! இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மனுஷன் மட்டும் என்ன, மூட்டையா? மூட்டைக்குக்கூடச் சரக்குக் காப்பீடு இருக்கிறதே...

"மேடம், கூட வர்றவங்களுக்கான காப்பீடுன்னு படிவத்துல தனியா ஒரு வரி உண்டு, வருஷத்துக்கு ரெண்டு தலையணை உறை விலைதான். நீங்க வேணாம்னுட்டீங்க."

"நான் எப்போ சொன்னேன்? காட்டுங்க பார்ப்போம்."

காட்டினார். என் பச்சை மை, நேர்க்கோடு, ஓரத்தில் என் கையெழுத்து... காப்பீட்டு முகவர் எங்கள் கடைக்கு வந்த நாள், சொன்ன விலைக்கு எதையும் வாங்கினால் எங்கள் பரம்பரைக்கே இழுக்கு, குறை குறை என்று நெருக்கினேன், அவன் வியர்த்துக் குறைத்தான், குறைத்த இடத்தில் கோடு போடச் சொன்னான், போட்டேன். "அது இருக்கட்டுமேம்மா" என்று இவர் கல்லாவிலிருந்து முனகினார், "ஏன், நான் ஓட்டுறதுமேல நம்பிக்கை இல்லையா?" என்றேன், அடங்கிப்போனார், அன்றைக்காவது சண்டை போட்டிருக்கக் கூடாதா... சரி, கோடு என்னுடையது, அதற்காகக் கதவையும் விடுவேனா? பாதி தேய்மானமா, போன மாதம்தான் அந்தக் கதவையே புதிதாக மாற்றினேன், முந்தியது எப்படி நசுங்கியது என்று இப்போது கேட்காதீர்கள், இதோ ரசீது! அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தொகையைத் திருத்தினார்.

ஜெயித்துவிட்டு வெளியே வந்தால், பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி இவர், கூட்டி வாங்கப் போனவளிடமும் பழக்கதோஷத்தில் அதே கேள்வி, அதே பெருமை: "எவ்வளவு குறைச்ச?"

ஆஸ்பத்திரிக்காரனிடமும் பேசுவேன், பேசாமல் விடுவேனா, ஆனால் இவரிடம் எந்த விலையில் ஆரம்பிப்பது... சுவர், முழு வரவு. கதவு, முக்கால் வரவு. நான், தேவைப்படாத வரவு. முழங்கால், பாக்கி.