ஓடைக்கு அப்பால் வேலி

செந்துறைக்கு அருகே புதர்க்காட்டில் ஆடு மேய்க்கும் ஆண்டாயி, மரங்களில் எண் எழுதிய தகரத்துண்டுகள் தொங்குவதைக் கண்டு பயந்துபோனாள். பக்கத்து ஊரில் இப்படி அடையாளம் வைத்த பிறகுதான் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் சுகந்தி என்ற ஆராய்ச்சி மாணவி ஜீப்பில் வந்தாள்.

"சிமெண்ட் கம்பெனி ஆளாம்மா நீ?" என்றாள் ஆண்டாயி.

"இல்லைங்க. மரத்துல நம்பர் மாட்டுனது நாங்கதான். ஆடு நுழையாம வேலி போட்டா காடு எப்படி வளருதுன்னு பாக்கப் போறோம்."

"அப்ப என் ஆடுங்கல்லாம் எங்க மேயும்?"

ஆடுகள் மேயும் இடத்தையெல்லாம் சுகந்தி அவளோடு நடந்து பார்த்தாள். கடைசியில், ஓடைக்கு அப்பால் ஆடு வராத இடத்தில் வேலி போட ஒப்புக்கொண்டாள்.

கம்பி கட்டி முடியும்வரை ஆண்டாயி அங்கிருந்து நகரவில்லை. 'இந்தப் பொண்ணு நல்லவதான், இவளுக்குப் பின்னால யாரு வருவாங்களோ' என்ற சந்தேகம் அவளுக்குத் தீரவேயில்லை.