ஆள் கூட்டிவரும் வேலை

என் மனுசன் பேணாட்டைப் போல ஒரு புத்திசாலியைத் திருகோணமலை முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. தன் பிழைப்பைத் தானே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர்.

ஓர்ஸ் ஹில்லில் தவராசாவின் கொமினிக்கேசன் கடையில், அதுதான் காசு குடுத்துப் போன் பேசும் கடையில், இவருக்கு ஆள் கூட்டிவரும் வேலை. வீடுகளில் போன் இல்லாத காலம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கடைக்குப் போன் எடுத்து, "அம்மாவைக் கூப்பிடுங்கோ, கொஞ்ச நேரத்தால திரும்ப எடுக்கிறன்" என்பார்கள். இவர் சைக்கிளில் ஓடுவார். சண்டை நடந்த நாள்களிலும் ஓடினார். சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரனுக்கே இவர் முகம் பாடம்.

எங்கள் மகள் சீலா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். எசமானி மனம் வைக்கும் நாளில்தான் பேசலாம். நாங்கள் எடுக்க நம்பர் கிடையாது. அவளும் கடைக்குத்தான் எடுப்பாள். உடனே இவர் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குப் பறந்து வந்து, என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போவார்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் கைபோன் வந்தது. தவராசா விற்கத் தொடங்கினார். நல்ல வியாபாரி, நான் குறை சொல்லவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் என்று அறிந்த ஆள் இவர்தான் என்பதால், இவரையே வீடுகளுக்கு அனுப்பினார். இவரும் பெருமையாகப் போய், எந்தப் பொத்தானை அமத்துவதென்று பாடமும் நடத்திவிட்டு வந்தார்.

"இஞ்சேருங்கோ, எல்லா வீட்டிலயும் போன் வந்தா உங்களை ஆர் தேடுவினம்?"

"உமக்கு விசர். இந்தச் சாமான் நிண்டு பிடிக்காது."

"அப்ப எங்களுக்கும் ஒண்டை எடுங்கோவன். சீலாவுக்கு நம்பரைக் குடுக்கலாம்."

"எங்களுக்கு என்னத்துக்கு? நான்தானே கடையில நிக்கிறன்."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

தவக்காலம் தொடங்குமுன்னரே கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. தவராசா ஆக்கள் நின்று பேசும் கண்ணாடிக் கூண்டுகளைக் கழற்றிவிட்டு, போன் திருத்த மேசை போட்டார். அந்த வேலை படித்த ஜெமீல் கிண்ணியாவிலிருந்து வந்தான். இவரிடம் தவராசா, "பேணாட் அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்றார். அவ்வளவுதான், வேலை போனது.

வீட்டில் சும்மா இருந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதரிடம், "கடையில ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ, பிள்ளை எடுத்தவளோ தெரியாது" என்றேன்.

"அந்தப் படியில இனி நான் ஏறமாட்டன்."

இவ்வளவு காலமும் எங்கே போயிருந்ததோ இந்த ரோசம்! ஞாயிறு பூசை முடிந்து நானே கடைக்குப் போனேன்.

ஜெமீல் தலையை நிமிர்த்தினான். "அக்கா, நேத்து ஒங்கட மகள் மூணு தரம் எடுத்தாங்க. வந்து சொல்ல இங்க ஆரு இருக்கா?"

"என்ன சொன்னவள்?"

அவன் கையிலிருந்த போனை மெல்லக் கீழே வைத்தான்.

"'அப்பா அங்கதானே நிப்பார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ' எண்டு. மூணு தரமும் அதைத்தான் சொன்னாங்க."