பிந்தி ஊன்றிய நாற்று

முனைவர் பட்டம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், வேறு தலைப்பில் வாங்கினேன் என்று சொல்லி நழுவிவிடுவேன். முதல் தலைப்பைக் கெடுத்தது யார் என்று கேட்டால், நான்கு வருடமாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: பூங்கனி.

எங்கள் பக்கத்துச் சிவப்பு நெல் ஒன்று. சோறு அமிர்தம். ஆனால் அரிசியின் நடுவே மாவு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு. வெள்ளை வயிறு என்போம். பச்சரிசியாகத் தீட்டினால் அந்த இடத்தில் உடைந்து பாதி குருணையாகும். அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே என் ஆராய்ச்சி. அந்த நெல்லையும் கண்ணாடி போல அரிசி தரும் இன்னொரு நெல்லையும் கலந்து, ஆறு தலைமுறை வளர்த்து, நூற்று அறுபது வம்சங்கள் ஆக்கியிருந்தேன். ஒரு வம்சத்துக்கு ஒரு வரிசை. வரிசையின் இலையில் மரபணுவைப் பார்க்க வேண்டும், அதே வரிசையின் அரிசியில் வயிற்றைப் பார்க்க வேண்டும். வம்சம் கலந்தால் எல்லாம் பாழ்.

2009 கும்பப்பூ சாகுபடிக்குக் கொட்டாரம் என்ற ஊரில் வயல் எடுத்து நட்டேன். கையிருப்பு விதை முழுவதையும் அதிலேயே போட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது. நடவுக்கு வந்த பெண்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்குத் தலைவி பூங்கனி. வழக்கம்போல இரண்டு மூன்றாகச் சேர்க்காமல், குத்துக்கு ஒரே நாற்று வைக்கச் சொன்னேன். எதற்கு என்று பூங்கனி கேட்டாள். நட்டால் போதும் என்றேன். சொன்னால் இவர்களுக்குப் புரியவா போகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. பிறகு பத்து நாள் ஆய்வகத்துக்குப் போய்விட்டேன்.

அதற்குள் அங்கங்கே நாற்றுகள் செத்துவிட்டன. நடவில் ஓட்டை விழுந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நட்டது யார் என்று கேட்பார்கள். அந்த மானக்கேடு பொறுக்காமல் பூங்கனி தானாக வந்து, வரப்பில் மிச்சம் கிடந்த நாற்றை எடுத்து ஊன்றியிருக்கிறாள். எந்த நாற்று எந்த வம்சம் என்று அவளுக்கு யார் சொன்னது?

கதிர் முற்றியபோது ஒரே வரிசையில் இரண்டு கதிரைக் கசக்கினேன். ஒன்றில் கண்ணாடி அரிசி, ஒன்றில் வெள்ளை வயிறு. நட்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது பூங்கனி சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, ஓட்டையெல்லாம் தான்தான் அடைத்ததாகச் சொன்னாள். பாராட்டுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பன்னிரண்டு பேரும் நிற்க, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். இவளை நம்பி இனி யாரும் வயலில் இறக்காதீர்கள் என்றேன். ஏதோ சொல்ல வந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன். மறுநாளே மொத்த வயலையும் ஒன்றாக அறுத்து, களத்தில் ஒரே பொலியாகக் கொட்டச் சொன்னேன். வரிசையும் வம்சமும் ஒரு மணி நேரத்தில் இல்லாமல் போயின.

2014இல் வடசேரி சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. அவளே கூப்பிட்டு, சுகமா என்று விசாரித்தாள். அதற்கப்புறம் தன்னை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை என்பதையும், கோபமே இல்லாமல் சொன்னாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.

“பிந்தி வச்ச நாத்த நானே காட்டித் தாறேன்னு சொல்ல வந்தேன் சார். ஒத்த நாத்து பிந்தி வச்சா பிடிக்காதுல்லா, அதனால ரெண்டு ரெண்டா சேத்துதான் ஊனினேன். நீங்க நடச் சொன்னது முச்சூடும் ஒத்த. தூருல பிடிச்சுப் பாத்தா ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சிரும். ஒரு நாப்பது தூரு இருக்கும். அரை நாள்ல பிடுங்கித் தந்திருப்பேன்.”

நாற்பது தூரைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் முழுவதும் சுத்தமான வம்சம். ஆறு தலைமுறை உழைப்பும் கையில் இருந்திருக்கும். அவள் பிழைப்பும் போயிருக்காது. வெட்கமாக இருந்தது. கிழங்குக் குவியலுக்கு அருகில் குனிந்து, தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னேன்.

பூங்கனி தராசைக் கீழே வைத்தாள்.

“அண்ணைக்கு அவ்வளவு பேரு கேக்கச் சொன்னீங்க. இத மட்டும் எனக்க காதுல சொன்னா எப்படி சார்?”

அவர்கள் எல்லாரிடமும் வந்து சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் பூங்கனியைத் தவிர ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.