பட்டினி போட்ட எலிகள்

கேக்கை வெட்டியது பேராசிரியர். எல்லோருக்கும் ஊட்டிவிட்டதும் அவர்தான். கட்டுரை என்னவோ அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவளுடையது. அந்தச் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கூடத்தில் யாருடைய கட்டுரை வெளிவந்தாலும் கேக் வாங்குவார்கள். சர்க்கரையின் கெடுதலைப் பேசிக்கொண்டே அதைத் தின்று தீர்ப்பார்கள். ஒருவருக்கும் வெட்கம் கிடையாது. கூட்டம் கலைந்ததும் மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் எலிக்கூடத்துக்குப் போனாள்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அங்கே எலியம்மா என்றுதான் பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"உங்களுக்குத்தான் அக்கா. உங்க எலிங்கதான் எனக்குப் பேர் வாங்கிக் குடுத்துச்சு."

"பேர் வாங்காம? வஞ்சனையில்லாம வளர்த்தேனே! சாயந்தரம் தீனியை எடுத்துடுங்கன்னு சொல்லுவீங்க, எடுத்துடுவேன். அப்புறம் ஒவ்வொண்ணும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாக்கும். மனசு கேக்குமா? போறப்ப ஆளுக்கு ஒரு பிஸ்கட் போட்டுட்டுத்தான் போவேன். எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ணு. ஓரவஞ்சனையே கிடையாது."

"எந்த எலிகளுக்கு?"

"பட்டினி போட்டதுங்களுக்குத்தான். மத்ததுங்க வயிறாரத் தின்னுதுங்களே."

அவள் கட்டுரையை மனசுக்குள் ஒருமுறை புரட்டினாள். சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து, இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கவில்லை. உடம்பே தன் தேவைக்குச் சர்க்கரையைச் செய்துகொள்கிறது. இதுதான் கட்டுரை. ஒரு எலிகூட விலகாமல் எல்லாம் ஒரே சீராக இருக்கின்றன என்று கட்டுரையை மதிப்பிட்டவர்கள் மெச்சியிருந்தார்கள். ஏன் இருக்காது? ஆளுக்கு ஒரு பிஸ்கட்! அடப்பாவி, படுபாவி, என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்திக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் போதும். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்து இதையே செய்து பார்க்கப் போகிறார்கள்தான். அங்கே நர்சுகள் இருப்பார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் அவள் கால்கள் வாசல் பக்கம்தான் நகர்ந்தன.

எலியம்மா கேக்கைத் தொடாமல் ஓரமாக வைத்தாள். "எனக்கும் சர்க்கரைதானேம்மா. ஆஸ்பத்திரில உங்க வைத்தியத்துக்கு நானும் பேர் குடுத்திருக்கேன். எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்னு நேத்தே ஆரம்பிச்சுட்டேன். என் சர்க்கரை மாத்திரையைப் போட்டேன், ராத்திரி பச்சைத்தண்ணியோட படுத்துட்டேன். காலையில கை உதறுச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. அதுங்களுக்கே ஒண்ணும் ஆகல, நமக்கென்னன்னு ஒரு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, இனிமே மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்காதீங்க. உசுருக்கே ஆபத்து."

"நீங்கதானே எழுதினீங்க?"

"எலிங்க பட்டினி கிடக்கலையே அக்கா."

எலியம்மா அவளையும் கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் முகம் செத்துப் போனது.

"ஒரு பிஸ்கட்டுதானேம்மா."

இந்த நிமிஷத்தை விட்டால் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. போனை எடுத்துப் பேராசிரியரை அழைத்தாள்.

"சார், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும். ஆஸ்பத்திரியிலயும் நிறுத்தச் சொல்லணும். எலிகளுக்கு ராத்திரி தீனி போயிருக்கு."

"போட்டது யாரு?" என்றார் அவர்.

அவள் எலியம்மாவைப் பார்த்தாள்.

"யாருன்னு கேக்கறேன்."

எலியம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி, போனில் பேசுகிறவருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சாவியாகக் கைக்குள் பொத்தி, சத்தம் வராமல் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.