இனியன் பெயரில் உள்ள பாட்டு

1

"பாட்டு யாரு பேர்லக்கா போடறது?"

காசிநாதன் கேட்ட இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. கேட்கப்பட்டவள் திருவிடந்தை சரோஜா, இழவு வீடுகளில் பாடுகிறவள். கடலில் செத்த தம்பி இனியனுக்காக அவள் பாடியதை, திருப்போரூரில் தான் நடத்தும் ஸ்டூடியோவில் அப்போதுதான் பதிவு செய்து முடித்திருந்தான்.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று கடல் ஏனோ... வேண்டாம். கடலை வர்ணித்தால் சாவு அழகாகிவிடுகிறது.)

சரோஜா யோசிக்கவே இல்லை. இழவுப் பாட்டில் பாடுகிறவள் தன் பெயரைச் சேர்ப்பது அவள் வீட்டு வழக்கத்தில் ஆகாது. பாட்டு செத்தவருக்குச் சொந்தம்.

"செத்தவன் பாட்டுடா. அவன் பேரைப் போடு."

பாடகர் என்ற கட்டத்தில் இனியன் என்று தட்டி, எல்லாப் பாட்டுச் செயலிகளுக்கும் காசிநாதன் அனுப்பிவிட்டான்.

2

காசிநாதனைத் திருடனாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். சொன்னதைத்தான் அவன் செய்தான்.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. மாமல்லபுரத்தில் ரீல்ஸ் எடுக்க வந்தவர்கள் அதை ஓடவிட்டு அலையில் குதித்தார்கள். (மிகை என்று அடிக்கப் போனேன். அடிக்க மனம் வரவில்லை.)

வருசத் திதியன்று சரோஜா அதே பாட்டைப் பாடித் தன் போனிலிருந்து ஏற்றினாள். வீடியோ ஊமையாகிவிட்டது. இது இனியனின் பாட்டு, அவர் அனுமதி வேண்டும் என்று கீழே வந்தது. என் குரல்தான் அது என்று முறையிட்டாள். ஆமாம், குரல் அச்சாகப் பொருந்துகிறது, ஆகவே திருட்டு என்று அவள் கணக்கையே மூடிவிட்டார்கள்.

3

பெயரை மாற்றப் பாடகரே போனில் முகம் காட்ட வேண்டுமாம். அவர் செத்துவிட்டார் என்று சொல்ல அந்தச் செயலியில் இடமே இல்லை.

"உன் பாட்டுன்னு எனுக்குத் தெரியும்க்கா. மெசினுக்குத் தெரியலியே."

"அப்ப மெசினை அவன் கீற எடத்துக்கு அனுப்பு."

கடைசியில் காசிநாதன் சொன்னபடி, தம்பியின் மாலை போட்ட படத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்து வந்தாள். அவன் அதன் முன்னால் போனைப் பிடித்தான். வட்டத்துக்குள் முகம் வந்தது. கண் சிமிட்டச் சொன்னது போன்.

இங்கே படம் சிமிட்டியது என்று எழுதலாம். யாரோ ஓர் அதிகாரி மனமிரங்கினார் என்றும் எழுதலாம், அங்கே மனிதர்கள் இருந்தால். இரண்டுக்கும் எனக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

காசிநாதன் படத்தை லேசாக ஆட்டிப் பார்த்தான். போன் மறுபடியும் சிமிட்டச் சொன்னது. சரோஜா அவன் கையிலிருந்து படத்தை வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.