நின்ற வண்டியின் வோல்ட்

அக்கா ஓட்டும் ஆம்புலன்ஸைத் திங்கட்கிழமை சோதித்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பிதான். வாகன எலக்ட்ரீஷியன். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி மீட்டரை வைத்துப் பார்த்தான். பதினான்கு வோல்ட். என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஜோராக சார்ஜ் செய்கிறது என்று கையெழுத்தும் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் அக்கா வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். காலையில் பாலத்தின் மேல் முக்கால் மணி நேரம் நெரிசலில் மாட்டிக்கொண்டதாகவும், நோயாளியான ஒரு பெரியவரின் தொண்டைச் சளியை உறிஞ்சும் மிஷின் நடுவில் படுத்துவிட்டதாகவும் சொன்னாள். கைப்பம்பை வைத்து நர்ஸ்தான் சமாளித்திருக்கிறார். பெரியவர் பிழைத்தது மயிரிழையில்.

தம்பி பேட்டரியின் மேல் பழி போட்டான். அக்கா வாக்குவாதம் செய்யவில்லை.

"மீட்டரை எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஏறு. நீயே பாரு."

ஏசி, விளக்குகள், மிஷின் என எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டாள். அவன் ஸ்ட்ரெச்சர் மேல் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தான். பன்னிரண்டரை. பன்னிரண்டு. பதினொன்றரை. எண் இறங்கிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில், பேட்டரியிலிருந்து மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. மிஷின் நின்றது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரும் மெதுவாகத்தான் சுற்றும். வண்டி கேட்ட கரண்டில் பாதியைக்கூட அது தரவில்லை. மீதியைப் பேட்டரி கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துவிட்டது.

"நிக்கிற வண்டியை நான் பாக்கவே இல்லக்கா."

"பாதி நேரம் நாங்க நின்னுகிட்டுத்தாண்டா இருக்கோம்."

உடனே வேலையில் இறங்கினான். ஆல்டர்னேட்டரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதைப் போட்டான். அதற்கேற்ற பெல்ட்டையும் மாட்டினான். என்ஜினின் ஒரு சுற்றுக்கு இப்போது ஆல்டர்னேட்டர் கூடுதலாகச் சுற்றும். வண்டி முழு வேகத்தில் போனால் அது தாங்குமா என்று இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தான். தாங்கும். மறுபடியும் எல்லாவற்றையும் போட்டார்கள். மீட்டர் பதின்மூன்றரைக்கு மேலேயே நின்றது. அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை.

அக்கா பெருமூச்சு விட்டாள். கை கழுவப் போனவன் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான். அதே வாரம், அதே மாதிரி மிதித்துப் பார்த்து, இன்னும் மூன்று ஆம்புலன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டான். இரண்டு வண்டிகள் ஷெட்டில் இருந்தன. மூன்றாவது டிரைவரின் குரலுக்குப் பின்னால் சைரன் கேட்டது.

"வண்டியில பேஷண்ட் இருக்காரு அண்ணே. சிக்னல்ல நிக்கிறேன்."

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"கியரை நியூட்ரல்ல போட்டுட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சே வை. ஏசியை அணைச்சிடு. நிக்கிறப்போ எல்லாம் இதையே செய்."

ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவள் போனை வைக்கவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்று வண்டிகளிலும் சின்னப் புல்லி ஏறிவிட்டது. வேலை முடியும்வரை தம்பி பட்டறையை விட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட மனைவியையும் கையை ஆட்டி அனுப்பிவிட்டான்.